முகத்திற்கு என்ன பூசுகிறீர்கள்?

கால் வீக்கத்தோடும் நுரைத்த சிறுநீரோடும் சிறுநீரகப் பிரிவுக்கு வருபவரிடம் மருத்துவர் சில வினாக்களை வழக்கமாகக் கேட்பார். சர்க்கரை நோய் உண்டா? இரத்த அழுத்தம் உண்டா? மூட்டு வலிக்குத் தொடர்ந்து மாத்திரை உட்கொள்வதுண்டா? அண்மைக் காலமாக இவற்றோடு மற்றொரு வினாவும் சேர்ந்துள்ளது: “முகத்திற்கு என்ன பூசுகிறீர்கள்?”

இதைக் கேட்டதும் பலர் திகைக்கின்றனர். சிறுநீரகத்திற்கும் முகப்பூச்சுக்கும் என்ன தொடர்பு என்று உடன் வந்தவர் முகம் சுளிப்பதும் உண்டு. இளம்பெண்களும் இளைஞர்களும் தாய் தந்தையர் முன்னிலையில் விடையளிக்கக் கூசுவர். வினா குறை காண்பதற்காகக் கேட்கப்படுவதன்று. அதன் விடையைப் பொறுத்துச் சிகிச்சையே மாறக்கூடும் என்பதால்தான் கேட்கப்படுகிறது. அதன் பின்னணியை நோயாளரும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது.

நமது அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ‘மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி’ எனும் சிறுநீரக நோய்க்கு ஆளான 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்து, புரதத்தைக் கசியவிடும் நோய் இது. அவர்களுள் 15 பேரின் சிறுநீரகத் திசுவில் ‘நெல்-1’ என்ற புரதம் படிந்திருந்தது. (நம் வயல் நெல்லுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் தற்செயலாக அவ்வாறு அமைந்துவிட்டது.) இவ்வகை நோய் பொதுவாக அரிது. துருவித் துருவி வினவியபோது, அந்த 15 பேரில் 13 பேர் நோய் தோன்றுவதற்கு முன்பு நிறத்தை வெளுப்பாக்கும் களிம்புகளைப் பூசிவந்தது தெரியவந்தது. அக்களிம்புகளில் பாதரசம் இருந்தது. பூச்சை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர். ஒருவருக்கு மட்டும் மூளையின் சிரைக்குழாயில் இரத்தம் உறைந்தது. இவ்வாய்வு 2024-ஆம் ஆண்டு சிறுநீரக மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது.

முகத்தில் தடவியது சிறுநீரகத்தை எவ்வாறு எட்டுகிறது?

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் எனும் நிறமி. அதனை உருவாக்க ‘டைரோசினேஸ்’ என்ற நொதி வேண்டும்; அந்த நொதி செயல்படத் தாமிரம் வேண்டும். பாதரச உப்புகள் தோலுக்குள் ஊடுருவி, தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்கிவிடுகின்றன. மெலனின் உற்பத்தி குறைகிறது. சில வாரங்களிலேயே முகம் வெளுக்கிறது. பூசியவர் மகிழ்கிறார். “என்ன பூசுகிறாய்?” என்று சுற்றத்தார் கேட்கின்றனர்; அதே களிம்பு அடுத்த வீட்டுக்கும் செல்கிறது. இப்பொருள் உண்மையிலேயே ‘வேலை செய்கிறது’ என்பதுதான் இதிலுள்ள பெருந்தீங்கு. பயனற்ற மருந்தாயின் ஒரு மாதத்தில் தூக்கியெறிந்திருப்பர்.

தோலில் நுழைந்த பாதரசம் அங்கேயே தங்குவதில்லை. இரத்தத்தில் கலக்கிறது, இரத்தம் முழுவதும் சிறுநீரகங்களின் வழியே சென்றாக வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. கழிவை வெளியேற்றி, ‘ஆல்புமின்’ போன்ற புரதங்களைக் கசியாமல் காப்பது அவற்றின் பணி. பாதரசத்தின் தூண்டுதலால் உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்ந்து, வடிகட்டிச் சவ்வின்மீது எதிர்ப்புப் புரதங்கள் படிகின்றன. சவ்வு பழுதுபட, ஆல்புமின் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. நலமுள்ளவர் சிறுநீரில் நாளொன்றுக்கு வெளியேறும் புரதம் 150 மில்லிகிராமுக்கும் குறைவு. இந்நோயிலோ அது 3.5 கிராமையும் கடக்கலாம். சோப்புக் கரைசல்போல் சிறுநீர் நுரைப்பதும், நுரை நெடுநேரம் அடங்காதிருப்பதும் இதனால்தான்.

இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது ஆல்புமின். அது குறையும்போது நீர் திசுக்களில் தேங்குகிறது. காலையில் கண்ணிமைகள் தடித்திருக்கும். மாலையில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். ஆல்புமினோடு இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதங்களும் வெளியேறிவிடுவதால், கால் சிரைகளிலோ நுரையீரலிலோ மூளையிலோ இரத்தக்கட்டி உண்டாகும் இடரும் சேர்கிறது. மலப்புறத்தில் ஒருவருக்கு நேர்ந்தது அதுவே.

இவ்வளவும் புதிய கண்டுபிடிப்போ எனில், இல்லை. கென்யத் தலைநகர் நைரோபியில் இதே நோய்க்குறிகளோடு வந்த 60 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பைப் பூசியவர்கள் என்று 1972-ஆம் ஆண்டே எழுதிவிட்டனர். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே களிம்பு, வேறு டப்பியில், வேறு பெயரில், நம் கைக்கு வருகிறது.

நஞ்சு என்று அறியாமல் ஒன்றை நலம் தருவதாக நம்பிப் பயன்படுத்துவது நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. இவ்வகையில் என் மனத்தை மிகவும் உறுத்தும் வரலாறு ஜப்பானுடையது.

ஜப்பானியப் பெண்களும் நாடக நடிகரும் முகத்திலும் கழுத்திலும் மார்பின் மேற்புறத்திலும் வெண்பூச்சு பூசுவது நெடுங்கால மரபு. அப்பூச்சில் முதன்மையானது ஈயவெள்ளை. தோலில் நன்கு ஒட்டும், சீராகப் பரவும், பார்வைக்கு வழவழப்பாயிருக்கும். 1887-ஆம் ஆண்டு மெய்ஜி பேரரசர் முன்னிலையில் நடந்த கபுகி நாடகத்தின்போது, நகமுரா ஃபுகுசுகே என்ற புகழ்பெற்ற நடிகரின் கால்கள் நடுங்கின. அது ஈயநஞ்சின் விளைவு என்று பின்னர் அறியப்பட்டது. பேச்சு எழுந்தது, செய்தித்தாள்கள் எழுதின. 1900-ஆம் ஆண்டு நச்சு வண்ணங்களைக் கட்டுப்படுத்தும் விதியும் வந்தது. ஆயினும் ஈயவெள்ளைக்கு மட்டும் ‘தற்காலிகமாக’ விலக்கு அளிக்கப்பட்டது. அத்தற்காலிகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

இக்கால இடைவெளியில், தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளிடையே ஒரு விசித்திர நோய் பரவலாகக் காணப்பட்டது. குழந்தை வெளிறிப்போகும், வாந்தி எடுக்கும், வலிப்பு வரும், பல குழந்தைகள் இறந்தன, பிழைத்தவை சில மனவளர்ச்சி குன்றின. மூளைக்காய்ச்சலை ஒத்திருந்ததால் அதற்கு அவ்வாறே பெயரிட்டனர். ஆனால் கிருமி எதுவும் அகப்படவில்லை. 1923-ஆம் ஆண்டு கியோட்டோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஹிராய் இகுதாரோ காரணத்தைக் கண்டறிந்தார். அது காய்ச்சலன்று, ஈயநஞ்சு. தாயின் கழுத்திலும் மார்பிலும் இருந்த வெண்பூச்சு பால் குடிக்கும் குழந்தையின் வாய்க்குள் சென்றுகொண்டிருந்தது. அந்தத் தாய்மார் தம் குழந்தைக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். கடையில் எல்லோரும் வாங்கியதையே அவர்களும் வாங்கினர். ஈயவெள்ளை கலந்த முகப்பூச்சு 1930களில்தான் அங்குத் தடைசெய்யப்பட்டது.

மேலைநாடுகளும் இதில் சளைத்தவையல்ல. பல் முளைக்கும் குழந்தைகளின் ஈறு வலிக்கு இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஒரு வெண்பொடி விற்கப்பட்டது. அதில் ‘கலோமெல்’ இருந்தது. கலோமெல் என்பது பாதரசக் குளோரைடு வகைகளில் ஒன்று. நம் சித்த மருத்துவ நூல்கள் ‘பூரம்’ என்று குறிப்பிடுவது அதனையே. அப்பொடி கொடுக்கப்பட்ட குழந்தைகளில் சிலருக்குக் கைகால்கள் இளஞ்சிவப்பாகி வீங்கின, தோல் உரிந்தது, வெளிச்சம் கண்டால் கண் கூசியது, குழந்தை இரவெல்லாம் அழுதது. ‘இளஞ்சிவப்பு நோய்’ என்று அதற்குப் பெயர். தொற்று என்றனர் சிலர், உணவுச் சத்துக் குறைவு என்றனர் வேறு சிலர். 1940களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜோசஃப் வார்க்கனி என்ற குழந்தை மருத்துவர் அத்தகைய குழந்தையின் சிறுநீரைச் சோதித்து, அதில் பாதரசம் மிகுந்திருப்பதைக் கண்டார். 1950களில் பொடிகள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. நோயும் ஏறக்குறைய மறைந்தது. அழுகின்ற பிள்ளையை ஆற்றுவதற்காகக் கொடுத்த மருந்தே அழுகைக்குக் காரணமாயிருந்திருக்கிறது!

ஆர்செனிக் எனும் பாஷாணம் கலந்த வில்லைகளை முகப்பொலிவுக்காக உண்டோர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இருந்தனர். கண்ணின் பாவை விரிந்து விழிகள் பெரிதாகத் தோன்றும்பொருட்டு, இத்தாலியப் பெண்கள் பெல்லடோனா செடியின் சாற்றைக் கண்ணில் விட்டனர். அதிலுள்ள அட்ரோபினைத்தான் இன்றும் கண் மருத்துவர் அளவோடு பயன்படுத்துகிறார். 1930களில் பாரிஸ் நகரில் தோரியமும் ரேடியமும் கலந்த முகக்களிம்பு ஒன்று நாகரிகத்தின் உச்சமாக விற்பனையாயிற்று. விளம்பரத்தில் டாக்டர் அல்ஃப்ரெட் கியூரி என்று ஒரு பெயர் இருந்தது. ரேடியத்தைக் கண்டறிந்த கியூரி தம்பதியருக்கு அவர் உறவினர் அல்லர், பெயர் மட்டுமே பொருந்தியது. ‘டாக்டர்’ என்ற அடைமொழியும் அறிவியல் போன்று ஒலிக்கும் பெயரும் எதையும் விற்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1933-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இமைமயிருக்குச் சாயமேற்றும் பொருளொன்றால் பெண்கள் சிலர் பார்வை இழந்தனர், ஒருவர் உயிரிழந்தார். அதைச் சந்தையிலிருந்து அகற்ற அரசுக்கு அதிகாரம் இல்லை. அன்றைய சட்டத்தில் அழகுப்பொருள்களே இடம்பெறவில்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவற்றையும் உள்ளடக்கியது. அந்தச் சாயத்திலிருந்த வேதிப்பொருள் ‘பாராஃபெனிலீன்டயமின்’, சுருக்கமாகப் பி.பி.டி. இன்று நாம் வாங்கும் கறுப்பு முடிச்சாயங்கள் பலவற்றில் இருப்பதும் அதுவே. அளவோடு, அறிவுரைப்படி தலைமுடிக்குப் பூசுவது ஒன்று. புருவத்திலும் இமையிலும் தடவுவது முற்றிலும் வேறு. ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் கையில் வரையப்படும் பசையிலும் இது கலக்கப்படுவதுண்டு. மருதாணி இலை செம்மையாகத்தான் சிவக்கும். சில நிமிடங்களில் கருக்குமாயின் அது இலையின் நிறமன்று. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு அடுத்தமுறை கொப்புளமும் முகவீக்கமும் கடுமையாக வரும். இச்சாயம் வாய்வழியே உள்ளே சென்றுவிட்டால், கழுத்தும் நாவும் வீங்கி மூச்சுக்குழல் அடைபடலாம். தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். வீட்டுக் கைவைத்தியம் எதுவும் செய்யாமல், நேரத்தை வீணாக்காமல், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விரைய வேண்டும்.

நம் வீடுகளில் வழங்கும் வேறு இரு பொருள்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கின்றனர். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமத்தில் கன உலோகத்துக்கு இடமில்லை. ஆனால் விலை மலிவாகவும் நிறம் மிகப் பளிச்சென்றும் இருக்கவேண்டி, சிவப்பு ஈயமோ பாதரச சல்பைடோ கலந்த பொடிகளும் அப்பெயரிலேயே விற்கப்படுவதுண்டு. விளக்குக் கரியில் செய்த கண்மை பெரும்பாலும் கரியே. ‘சுர்மா’ எனப்படுவது பல வேளைகளில் ஈய சல்பைடு என்னும் கனிமத்தின் பொடி. குழந்தையின் கண்ணுக்கு அதைத் தீட்டினால், குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும். ஜப்பானியக் குழந்தைகளின் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் முகப்பூச்சுக்கு வருவோம். பாதரசம் பற்றிய மினமாட்டா உலக உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை உறுதிசெய்தது. இந்திய அழகுப்பொருள் விதிகளின்படி, முகப்பூச்சுகளில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்த்தல் கூடாது. தவிர்க்க இயலாமல் கலந்துவிடும் அளவும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. சட்டம் தெளிவாகவே உள்ளது. சிக்கல், உற்பத்தியாளர் பெயரோ உரிம எண்ணோ இல்லாமல், வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற பெருமையோடு, கைப்பேசி வழியாகவும் அழகு நிலையங்களிலும் கைமாறும் டப்பிகளில்தான்.

ஆகவே டப்பியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவரின் பெயர், முகவரி, தொகுதி எண், காலாவதி நாள், சேர்மானப் பட்டியல், உள்நாட்டுப் பொருளாயின் உரிம எண், வெளிநாட்டுப் பொருளாயின் பதிவுச் சான்று எண் ஆகியவை இருக்கவேண்டும். இவற்றில் ஏதேனும் இல்லையெனில் பூசாதீர்கள். சேர்மானத்தில் மெர்குரி, மெர்குரஸ், மெர்குரிக், கலோமெல் என்னும் சொற்கள் காணப்பட்டால் ஐயத்திற்கே இடமில்லை. “தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும்” என்ற எச்சரிக்கை இருந்தால், அதுவும் பாதரசத்தின் அடையாளமே. பாதரசம் பொன்னோடு கலந்து அதை வெளுக்கச் செய்துவிடும். விற்பவர் நகையைக் காக்கச் சொல்கிறார், மேனியைக் காக்கச் சொல்லவில்லை. சேர்மானத்தில் ஒன்றுமே எழுதப்படாதிருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. நிறத்தாலோ மணத்தாலோ வீட்டில் கண்டறியவும் இயலாது. ஆய்வகச் சோதனையே வழி. ‘மூலிகை’ என்ற சொல்லை அட்டையில் அச்சிடுவது மிக எளிது.

இன்னொரு வகைக் களிம்பையும் குறிப்பிட வேண்டும். தோல் அழற்சிக்கு மருத்துவர் குறுகிய காலத்துக்கு எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புகளை, முகம் வெளுக்கிறது என்று மாதக்கணக்கில் தாமே வாங்கிப் பூசுவோர் பலர். தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் மண்டி, வெயில் பட்டாலே எரியும் நிலை வரும். திடீரென நிறுத்தினாலும் எரிச்சல் கூடும். இதனைத் தோல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் விடவேண்டும்.

பாதரசப் பூச்சை நிறுத்தியோர் சிலர், சில வாரங்களில் முகம் முன்னைவிடக் கறுத்தது என்று அஞ்சி மீண்டும் அதையே நாடுகின்றனர். முடங்கியிருந்த நிறமி உற்பத்தி மீள்வதால் நேர்வது அது, நோயன்று. வெயிலைத் தவிர்த்து, தோல் மருத்துவரின் அறிவுரையோடு பொறுத்திருக்க வேண்டும். உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதி வெளியேறவே ஒன்று முதல் இரண்டு மாதங்கள் ஆகும். சிறுநீரகம் தேறவும் மாதங்கள் தேவைப்படலாம். பெரும்பாலோருக்குப் பூச்சை நிறுத்துவதும், புரதக் கசிவைக் குறைக்கும் மாத்திரைகளும் போதுமானவை. சிலருக்கு மட்டும் பாதரசத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து வேண்டியிருக்கும். அதை மருத்துவர் முடிவு செய்வார். காரணம் தெரியாமற்போனால், தேவையற்ற நிலையில் எதிர்ப்பாற்றலை அடக்கும் வலிமையான மருந்துகளைத் தொடங்க நேரிடலாம். முதலில் சொன்ன வினாவின் முதன்மை இப்போது விளங்கியிருக்கும்.

பூசியவர் மட்டுமன்றி, அவரோடு வாழ்வோரையும் கவனிக்க வேண்டும். துண்டு, தலையணை உறை, ஒட்டியணைத்த கன்னம் ஆகியவற்றின் வழியே பாதரசம் குழந்தைகளையும் எட்டும். ஆவியாகவும் அறையில் கலக்கும். பூச்சையே தொடாத குடும்பத்தாரின் சிறுநீரிலும் பாதரசம் மிகுந்திருந்ததை அமெரிக்காவில் கண்டறிந்துள்ளனர். கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் இது இரட்டை இடர். கருவையும் பாலையும் பாதரசம் அடையும். கைநடுக்கம், உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், மறதி, உள்ளங்கையில் ஊசி குத்தும் உணர்வு ஆகியவை வீட்டில் எவருக்கேனும் இருப்பின், அவற்றையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

நீங்களோ உங்கள் வீட்டாரோ இத்தகைய களிம்பைப் பயன்படுத்தியிருந்தால், இன்றே நிறுத்திவிட்டு, ஒரு சிறுநீர்ப் புரதச் சோதனை செய்துகொள்ளுங்கள். செலவு குறைவு, பட்டினி இருக்கத் தேவையில்லை. டப்பியைக் குப்பையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ போட வேண்டாம். மூடியை இறுக மூடி, காற்றுப்புகாத பையில் இட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; பிறகு கையை நன்கு கழுவுங்கள். பூசிய நாள்களில் பயன்படுத்திய துண்டையும் தலையணை உறையையும் தனியே துவைத்து, அறையின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மருத்துவமனைக்கு வரும் நாளில் அந்த டப்பியையும், எத்தனை மாதங்கள் பூசினீர்கள் என்ற குறிப்பையும் எடுத்து வாருங்கள். பெற்றோர் முன்னிலையில் கூறத் தயக்கமாயின், மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியே பேசவேண்டும் என்று கேளுங்கள். அதற்கு எப்போதும் இடமுண்டு.